இரவல் போன குரல்

பாடகர் எஸ்.பி. பாலசுப்ரமணியத்தை அறியாதவர் இல்லை. டப்பிங் கலைஞர் எஸ்.பி.பி.யை அறிந்தவர்கள் குறைவு. கார்ட்டூன் பொம்மைகளுக்குக் குரல் கொடுத்துவிட்டு முகம் தெரியாமல் போகும் நூற்றுக்கணக்கானவர்களின் கதையும் அந்த இன்னொரு எஸ்.பி.பி.யின் கதையில்தான் அடங்கியிருக்கிறது.

சென்னையிலிருந்து நெல்லூர் செல்லும் நெடுஞ்சாலையில் ஆரம்பாக்கத்தைத் தாண்டியதும் தமிழ்நாடு முடிந்துவிடுகிறது. அடுத்து வருவது தடா. 2022 ஏப்ரல் வரை நெல்லூர் மாவட்டத்தில் இருந்த ஊர், இப்போது திருப்பதி மாவட்டத்தில். கிழக்கே பழவேற்காடு ஏரி, வடக்கே சூளூர்பேட்டை, அதற்கப்பால் ராக்கெட் கிளம்பும் ஸ்ரீஹரிகோட்டா. பெயர்ப் பலகைகள் தெலுங்குக்கு மாறிவிட்டாலும் பேச்சு அவ்வளவு சீக்கிரம் மாறுவதில்லை. தெலுங்கில் விலை கேட்டு, தமிழில் பேரம் பேசி, இரண்டும் கலந்த ஒரு மொழியில் சில்லறை வாங்கிக்கொண்டு போகும் எல்லைப்புறம் இது.

இங்கே வீடுகளில் மாலை நேரத்து ராஜ்யம் குழந்தைகளுடையது. டிவியில் டோரேமான் என்ற நீல நிறப் பூனை பேசிக்கொண்டிருக்கும். ரிமோட்டில் ஒரு பொத்தானை அழுத்தினால் தமிழ், இன்னொரு முறை அழுத்தினால் தெலுங்கு. பூனைக்கு இதில் ஒரு சிரமமும் இல்லை. பாட்டிக்கு ஒரு மொழி, பேரனுக்கு ஒரு மொழி என்று பிரிந்து கிடக்கும் வீட்டில் அது மட்டும் எல்லோரிடமும் அவரவர் பாஷையில் பேசுகிறது. அந்தப் பூனைக்குள் இருந்து பேசுவது யார் என்று எந்தக் குழந்தையும் கேட்பதில்லை. பெரியவர்களும் கேட்பதில்லை.

கார்ட்டூனுக்குக் குரல் கொடுப்பவர் சினிமா உலகத்திலேயே மிகவும் மறைந்து வாழும் பிராணி. நடிகருக்கு முகம் உண்டு. பின்னணிப் பாடகருக்குப் பாட்டுப் புத்தகத்தில் பெயர் உண்டு. இவருக்கு இரண்டும் இல்லை. குரல் மட்டும் கோடிக்கணக்கான வீடுகளுக்குப் போகிறது, ஆள் போவதில்லை. இந்த வித்தையின் அடிப்படை ஒன்றுதான்: தன்னுடையதல்லாத ஓர் உடம்புக்குத் தன் மூச்சைக் கொடுப்பது, கொடுத்தது தெரியாமல் ஒதுங்கிக்கொள்வது.

தென்னிந்தியாவில் அதை உச்சத்துக்குக் கொண்டுபோன ஒருவர் இந்த எல்லை மண்ணிலேயே வளர்ந்தவர் என்பது தற்செயல் அல்ல. அவர் குரல் கொடுத்தது பொம்மைகளுக்கு அல்ல, மனிதர்களுக்கு. ஆனால் அதற்கான திறமையும் சங்கடமும் அதேதான்.

எஸ்.பி. பாலசுப்ரமணியம் 1946 ஜூன் 4ஆம் தேதி கோனேட்டம்பேட்டையில் பிறந்தார். பள்ளிப்பட்டு வட்டாரத்தைச் சேர்ந்த அந்த ஊர் இன்று தமிழ்நாட்டின் திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கிறது. 1960 ஏப்ரல் 1ஆம் தேதி ஆந்திரத்துக்கும் சென்னை மாநிலத்துக்கும் இடையே கிராமங்கள் கைமாறியபோது திருத்தணியும் பள்ளிப்பட்டுப் பகுதியும் இந்தப் பக்கம் வந்தன, சத்தியவேடு போன்ற பகுதிகள் அந்தப் பக்கம் போயின. அதாவது, பாலுவுக்கு 14 வயது நிரம்புவதற்குள் மாநில எல்லைக் கோடே இடம் மாறிவிட்டது. ஆரம்பப் பள்ளி நகரியில், தாய்மாமன் வீட்டில். உயர்நிலைப் பள்ளி ஸ்ரீகாளஹஸ்தியில். பி.யூ.சி. திருப்பதியில். பிறகு அனந்தபூரில் இன்ஜினீயரிங் சேர்ந்து, டைபாய்டு காய்ச்சலால் பாதியில் விட்டுவிட்டுச் சென்னைக்கு வந்தார். தெலுங்கும் தமிழும் அண்டை வீடுகளாக வாழும் ஊர்களில்தான் அவர் காது பழகியது.

இன்னொரு பள்ளிக்கூடம் வீட்டிலேயே இருந்தது. தந்தை எஸ்.பி. சாம்பமூர்த்தி நெல்லூரில் பெயர் பெற்ற ஹரிகதைக் கலைஞர். ஹரிகதை என்பது ஒற்றை ஆள் நாடகம். ராமனும் அவரே, ராவணனும் அவரே. சீதை அழும்போது குரல் மெலியும், அனுமன் வரும்போது திமிறும். பக்கவாத்தியங்களைத் தவிர மேடையில் துணைக்கு யாரும் கிடையாது. பாகவதர் ஒரு நிமிடத்தில் நான்கு பேராக மாற வேண்டும், மாறியது உறுத்தவும் கூடாது. டப்பிங் தியேட்டர் என்ற ஒன்று வருவதற்கு நெடுங்காலம் முன்பே நம்மூரில் குரல் நடிப்பு இருந்தது, அதைக் கோயில் பிராகாரங்களில் உட்கார்ந்து கேட்டு வளர்ந்த தலைமுறையும் இருந்தது.

1966 டிசம்பரில் ‘ஸ்ரீ ஸ்ரீ ஸ்ரீ மர்யாத ராமண்ணா’ என்ற தெலுங்குப் படத்துக்காக எஸ்.பி. கோதண்டபாணியின் இசையில் முதல் பாட்டு. தமிழுக்கு வர இன்னும் சில ஆண்டுகள் ஆயின. தமிழ் உச்சரிப்பைச் சீர்படுத்திக்கொண்டு வரும்படி எம்.எஸ். விஸ்வநாதன் திருப்பி அனுப்பியதை எஸ்.பி.பி. மேடைகளில் கூச்சமில்லாமல் நினைவுகூர்வது வழக்கம். அவர் திரும்பி வந்தார். 1969இல் ‘சாந்தி நிலைய’மும் ‘அடிமைப் பெண்’ணும் வெளியானபோது அந்தக் குரலில் தெலுங்கு வாடை இருப்பதாக யாருக்கும் தோன்றவில்லை. ‘ழ’வையும் ‘ற’வையும் தாய்மொழிக்காரர்களே மென்று விழுங்கிய காலத்தில், வெளியிலிருந்து வந்த ஒருவர் அவற்றைச் சுத்தமாக உச்சரித்தார். கற்றுக்கொண்ட மொழியில் கவனம் அதிகம்.

டப்பிங் தற்செயலாக வந்து சேர்ந்தது. கே. பாலசந்தர் 1976இல் எடுத்த ‘மன்மத லீலை’ தெலுங்குக்குப் போனபோது கமல்ஹாசனுக்கு ஒரு குரல் தேவைப்பட்டது. அதை எஸ்.பி.பி. கொடுத்தார். பிறகு கமலின் தெலுங்கு டப்பிங் படங்கள் பலவற்றுக்கு அவர்தான். ரஜினிகாந்த், பாக்யராஜ், மோகன், ரகுவரன், அர்ஜுன் என்று பட்டியல் நீண்டது.

சாதாரணமாக டப்பிங் படங்களில் ஒரு தையல் தெரியும். கதாநாயகன் ஒரு குரலில் பேசிக்கொண்டிருப்பான், பாட்டு வந்ததும் வேறு ஆள் தொண்டைக்குள் புகுந்துகொள்வார். இந்திய ரசிகன் அதைப் பெருந்தன்மையுடன் மன்னித்துப் பழகிவிட்டான். கமலின் தெலுங்குப் படங்களில் இந்தத் தையல் மறைந்தது. பேசியவரே பாடினார். வசனத்தில் விட்ட மூச்சைப் பல்லவியில் எடுத்துக்கொண்டார்.

இந்த வேலை எவ்வளவு கடினமானது என்பதை மொழிபெயர்ப்பில் புழங்குபவர்கள் உணர்வார்கள். பக்கத்து மொழிதானே என்று தோன்றும். ஆனால் தெலுங்குச் சொற்கள் பெரும்பாலும் உயிரொலியில் முடிகின்றன, வாய் திறந்தபடி நிற்கும். தமிழோ ‘ம்’, ‘ன்’, ‘ல்’ என்று வாயை மூடியோ நாக்கை மடக்கியோ முடிக்கிறது. ‘ப’வும் ‘ம’வும் இரண்டு உதடுகளும் சேரப் பிறப்பவை, ‘வ’வுக்கு மேற்பல்லும் கீழுதடும் போதும் என்று தொல்காப்பியத்தின் பிறப்பியல் சொல்லி வைத்திருக்கிறது. டப்பிங் வசனகர்த்தாவுக்கு அதுதான் பாடப் புத்தகம். திரையில் நடிகர் தமிழில் ‘வேண்டாம்’ என்கிறார், கடைசியில் உதடு மூடுகிறது. தெலுங்கில் அதற்கு ‘வத்து’. உதடு மூடவே மூடாது. ‘ஏன்’ என்பது ஒரே அசை, ‘எந்துக்கு’ என்பதை அந்த இடத்தில் திணித்தால் வாய் நின்ற பிறகும் குரல் ஓடிக்கொண்டிருக்கும். ‘வா’வுக்கு ‘ரா’, ‘இல்லை’க்கு ‘லேது’ என்று அளவெடுத்துத் தைத்த மாதிரி சொற்கள் அமைவது அபூர்வ அதிர்ஷ்டம். மற்றபடி அர்த்தத்தைக் காப்பாற்றுவதா, உதட்டைக் காப்பாற்றுவதா என்ற தர்மசங்கடம் வரிக்கு வரி உண்டு.

வசனகர்த்தா விட்ட குறையைக் குரல் கொடுப்பவர் சரிக்கட்ட வேண்டும். அந்தக் காலத்தில் படச்சுருளைச் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டி, வளையமாக ஒட்டி, திரும்பத் திரும்ப ஓட்டுவார்கள். ‘லூப்’ என்று பெயர். அதே காட்சி, அதே உதடு, சரியாக விழும் வரை. கதாநாயகன், கதாநாயகி, வில்லன் எல்லோரும் ஒரே மைக்கைச் சுற்றி நின்று முறை வரும்போது முன்னே வந்து பேசிவிட்டு ஒதுங்குவார்கள். கடைசி ஆள் உளறினால் எல்லோருக்கும் மறுபடி முதலிலிருந்து. இப்போது கம்ப்யூட்டர் வந்துவிட்டது. ஒவ்வொருவரும் தனித்தனியே வந்து, தன் பங்கை மட்டும் பேசிவிட்டுப் போகிறார்கள். காதலன் திங்கட்கிழமை சொன்னதற்குக் காதலி வியாழக்கிழமை பதில் சொல்வாள். திரையில் அவர்கள் கட்டிப் பிடித்துக்கொண்டிருப்பார்கள்.

1982இல் ரிச்சர்ட் அட்டன்பரோவின் ‘காந்தி’ வந்தது. அதன் இந்திப் பதிப்பில் பென் கிங்ஸ்லிக்குக் குரல் கொடுத்தவர் பங்கஜ் கபூர். தெலுங்கில் எஸ்.பி.பி. இளம் வக்கீலின் தடுமாற்றத்தில் தொடங்கி, உண்ணாவிரதத்தில் தேய்ந்த முதியவரின் முணுமுணுப்பு வரை ஒரு வாழ்நாள் முழுவதையும் குரலில் கொண்டுவர வேண்டிய வேலை. டூயட் பாடும் ஒருவரின் குரல் என்று யாருக்காவது ஒரு விநாடி ஞாபகம் வந்துவிட்டால் காந்தி அங்கேயே காணாமல் போய்விடுவார். எஸ்.பி.பி.யின் சங்கடம் மற்ற டப்பிங் கலைஞர்களுக்கு இல்லாதது. அவர்களை யாருக்கும் தெரியாது, ஆகவே மறைவது சுலபம். இவருடையதோ தென்னாட்டின் எல்லா டீக்கடை ரேடியோக்களிலும் தினமும் ஒலித்த குரல். அதை ஒளித்து வைப்பதுதான் அவர் செய்த நடிப்பு.

1997இல் வந்த ‘அன்னமய்யா’ இந்த மண்ணோடு நெருங்கிய படம். திருமலை வேங்கடவன்மேல் கீர்த்தனைகள் பாடிய தாள்ளபாக்கம் அன்னமாச்சாரியாரின் கதை. பக்தராக நாகார்ஜுனா, கடவுளாக சுமன். நாகார்ஜுனாவுக்குப் பாடியவர் எஸ்.பி.பி. சுமனுக்கு வசனம் பேசியவரும் அவரே. பக்தன் உருகிப் பாடுவதும் பகவான் பரிவோடு பதில் சொல்வதும் ஒரே தொண்டையிலிருந்து. அந்த டப்பிங்குக்கு ஆந்திர அரசின் நந்தி விருது கிடைத்தது.

2008இல் ‘தசாவதாரம்’. கமல்ஹாசனுக்குப் பத்து வேடங்கள். கனத்த ஒப்பனைக்குள் முகமே மறைந்துபோன அந்தப் பாத்திரங்கள் கிட்டத்தட்டக் கார்ட்டூன்களைப் போன்றவை. முகம் அசைய மறுக்கும்போது உயிரைக் குரல்தான் கொண்டுவர வேண்டும். தெலுங்குப் பதிப்பில் பத்தில் ஏழு வேடங்களுக்கு எஸ்.பி.பி. பேசினார். மூதாட்டி வேடமும் அதில் அடக்கம். அப்போது அவருக்கு வயது 62. நெல்லூர் ஹரிகதை மேடையில் சீதைக்கும் ராவணனுக்கும் மாறி மாறிப் பேசியவரின் மகனுக்கு இது பூர்வீக சொத்து.

ஏழு வேடங்களுக்கு ஒருவர் என்றால் நமக்கு ஆச்சரியம். அமெரிக்காவில் அதைத் தொழிலாகவே வைத்திருந்தவர் மெல் பிளாங்க். 1908இல் சான்பிரான்சிஸ்கோவில் பிறந்தவர். பக்ஸ் பன்னி என்ற முயல், டாபி டக் என்ற வாத்து, திக்கிப் பேசும் பன்றி, அதைத் துரத்தும் இது, இதைத் துரத்தும் அது என்று வார்னர் பிரதர்ஸ் கார்ட்டூன்களில் பாதிக்கு மேல் அவர் ஒருவரே. முயலுக்காக மைக் முன்னால் நிஜமாகவே கேரட்டைக் கடித்து மென்று, வசனம் பேசுவதற்காகத் துப்பிவிடுவார். மற்ற காய்களில் அந்தச் சத்தம் வரவில்லையாம். 1940களில் அவர் சம்பள உயர்வு கேட்டார். தயாரிப்பாளர் லியோன் ஷ்லெசிங்கர் மறுத்தார். அப்படியானால் படத்தில் என் பெயரையாவது போடுங்கள் என்றார் பிளாங்க். பெயருக்குக் காசு செலவில்லையே, போட்டார்கள். கார்ட்டூனில் குரல் கொடுப்பவருக்குப் பெயர் வருவது அபூர்வமாக இருந்த காலம் அது. அந்த ஒரு வரி அவரை நாடறிய வைத்தது. மறுக்கப்பட்ட சம்பள உயர்வைவிட அது பல மடங்கு பெறுமானமுள்ளதாக ஆனது.

1961 ஜனவரியில் லாஸ் ஏஞ்சல்ஸ் சாலை விபத்தில் சிக்கிய பிளாங்க், இரண்டு வாரங்களுக்கு மேல் நினைவின்றிக் கிடந்தார். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பதிலில்லை. கடைசியில் டாக்டர் ஒருவர், இன்று எப்படி இருக்கிறாய் என்று பக்ஸ் பன்னியை விசாரித்தாராம். படுக்கையிலிருந்து முயலின் குரலில் பதில் வந்தது. ஆளுக்கு முன்பாகப் பாத்திரம் கண் விழித்துவிட்டது. உடம்பு முழுக்க மாவுக்கட்டுடன் படுத்துக்கொண்டே ‘பிளின்ட்ஸ்டோன்ஸ்’ தொடருக்குப் பேசினார், மைக் கட்டிலுக்கு மேல் தொங்கியது. 1989இல் இறந்தார்.

ஹாலிவுட்டில் கார்ட்டூனுக்கு முதலில் குரல் பதிவாகிறது, அதைக் கேட்டுத்தான் வரைகிறார்கள். ஆகவே பொம்மை அங்கே நடிகரைப் பின்தொடர்கிறது. நம் ஊருக்கு வரும்போது எல்லாம் தலைகீழ். படம் வரைந்து முடிந்து, வேறு ஒரு மொழியில் பேசியும் முடித்துவிட்டது. தமிழ்க் கலைஞர் அதற்குப் பின்னால் ஓட வேண்டும். கார்ட்டூன் வாய் மனித வாயைப் போல நுணுக்கமாக அசைவதில்லை என்பது ஒரு சின்ன சலுகை. ஆனால் வேகம் கொல்லும். ஓடுவது, விழுவது, மூச்சு வாங்குவது, சாப்பிடுவது, அடிபட்டு அலறுவது எல்லாமே வாயால் செய்யப்பட வேண்டும். ஒரு நாள் முழுக்க அலறிவிட்டு மறுநாள் தொண்டை கட்டிக்கொண்டால் மறுநாள் வேலையும் இல்லை.

சிறுவர் பாத்திரங்களுக்குப் பெரும்பாலும் பேசுபவர்கள் பெண்கள் என்பது பலருக்குத் தெரியாத சங்கதி. காரணம் எளிது. நிஜச் சிறுவனின் குரல் சில வருடங்களில் உடைந்துவிடும், தொடர் இருபது வருடம் ஓடும். ஜப்பானில் டோரேமானுக்கு 1979 முதல் 2005 வரை குரல் கொடுத்தவர் நொபுயோ ஓயாமா என்ற பெண்மணி. 2024 செப்டம்பரில் 90 வயதில் அவர் மறைந்தபோது அது நாடு முழுவதற்கும் துக்கச் செய்தி. அங்கே குரல் நடிகர்களுக்கென்று தனிப் பெயரும், ரசிகர் கூட்டமும், பத்திரிகைகளும் உண்டு.

இங்கே? 1995இல் கார்ட்டூன் நெட்வொர்க் இந்தியாவுக்கு வந்தது. டிஸ்னி சேனல் 2004இல். 2007 ஏப்ரலில் சுட்டி டிவி தொடங்கி, நாள் முழுக்கத் தமிழ் பேசும் கார்ட்டூன்கள் என்ற நிலைமை வந்தது. ஒரு தலைமுறையே இந்தக் குரல்களைக் கேட்டுச் சோறு தின்றிருக்கிறது. வட்டார வழக்கை விட்ட ஒரு பொதுத் தமிழை, வீட்டில் யாரும் பேசாத அந்தத் தமிழை, வெளிமாநிலத் தமிழ்க் குழந்தைகள் பலர் கற்றது பள்ளியில் அல்ல, இந்தப் பொம்மைகளிடம்தான். சென்னையின் சாலிக்கிராமம், வடபழனிப் பக்கங்களில் சின்னச் சின்ன அறைகளுக்குள் ஹெட்போன் மாட்டிக்கொண்டு பேசியவர்களிடம்.

அவர்களுடைய பெயர்கள் பெரும்பாலும் திரையில் வருவதில்லை. பெரிய திரையில் நிலைமை வேறு. 2019இல் ‘தி லயன் கிங்’ தமிழில் வந்தபோது சித்தார்த், அரவிந்த் சாமி, 2025இல் மறைந்த ரோபோ சங்கர் ஆகியோரின் பெயர்கள் விளம்பரங்களில் சிங்கத்தைவிடப் பெரிதாகக் கர்ஜித்தன. 2024இல் வந்த ‘முஃபாசா’வுக்குத் தமிழில் அர்ஜுன் தாஸ், தெலுங்கில் மகேஷ் பாபு. முகம் பிரபலமாக இருந்தால் குரலுக்கும் விலை உண்டு. தினசரி டிவியில் பேசுபவருக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. அதே தொழிலில் காலமெல்லாம் இருந்தும் பெயர் வாங்கியவர்கள் கைவிட்டு எண்ணக்கூடியவர்களே. தெலுங்கில் 2009இல் ‘அருந்ததி’ படத்து வில்லனுக்குக் குரல் கொடுத்து, அந்த வில்லன் உச்சரித்த சொல்லையே பட்டமாகப் பெற்ற ‘பொம்மாளி’ ரவிசங்கர் மாதிரி ஓரிருவர்.

பெயர் என்ன பெரிய விஷயம் என்று கேட்கலாம். பெயரில்லாத பொருளை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொண்டு போகலாம் என்பதுதான் பதில். எடுத்துக்கொண்டு போகும் காலம் வந்தேவிட்டது.

2020 ஆகஸ்ட்டில் கொரோனாவுக்காகச் சென்னை மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட எஸ்.பி.பி., செப்டம்பர் 25ஆம் தேதி காலமானார். மறுநாள் திருவள்ளூர் மாவட்டம் தாமரைப்பாக்கத்தில், அவருடைய பண்ணை வீட்டில் அடக்கம் செய்தார்கள். மூன்று ஆண்டுகள் கழித்து, 2023 நவம்பரில், ‘கீடா கோலா’ என்ற தெலுங்குப் படம் வெளிவந்தது. அதில் செயற்கை நுண்ணறிவைக் கொண்டு தன் தந்தையின் குரல் குடும்பத்தின் அனுமதி இல்லாமல் உருவாக்கப்பட்டிருக்கிறது என்று மகன் எஸ்.பி. சரண் படத்தின் தயாரிப்பாளர்களுக்கும் இசையமைப்பாளருக்கும் 2024 ஜனவரியில் வக்கீல் நோட்டீஸ் அனுப்பினார். தொழில்நுட்பத்துக்கு அவர்கள் விரோதிகள் அல்ல. கேட்காமல் எடுத்ததுதான் குற்றச்சாட்டு.

இதிலுள்ள விசித்திரத்தைக் கவனிக்க வேண்டும். வாழ்நாள் முழுக்கத் தன் குரலை மற்றவர் உடம்புகளுக்கு இரவல் கொடுத்தவர் அவர். ஒவ்வொரு முறையும் கேட்டார்கள், அவர் ஒப்புக்கொண்டார், தியேட்டருக்குப் போனார், பேசினார், கூலி வாங்கினார். இரவல் என்றால் அதுதான். கேட்காமல் எடுத்தால் அதற்குத் தமிழில் வேறு சொல் இருக்கிறது.

அதே மாதம் ஏ.ஆர். ரஹ்மானும் இதே தொழில்நுட்பத்தைக் கையாண்டார். ‘லால் சலாம்’ படப் பாட்டு ஒன்றில், மறைந்துபோன பம்பா பாக்யா, ஷாகுல் ஹமீது ஆகியோரின் குரல்கள் ஒலித்தன. இரு குடும்பங்களிடமும் அனுமதி பெற்று, சன்மானமும் கொடுத்ததாக ரஹ்மான் அறிவித்தார். அப்படியும் சர்ச்சை ஓயவில்லை. இறந்தவரின் சார்பில் சம்மதம் சொல்ல யாருக்கு உரிமை என்பது சுலபமான கேள்வி அல்ல. ஆனால் கேட்டுவிட்டுச் செய்வதற்கும் கேட்காமல் செய்வதற்கும் உள்ள வித்தியாசம் சின்னக் குழந்தைக்கும் புரியும்.

உலகமெங்கும் இந்த வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. 1994இல் ‘லயன் கிங்’ சிங்கம் முஃபாசாவாகவும், அதற்கு முன்பே ‘ஸ்டார் வார்ஸ்’ வில்லன் டார்த் வேடராகவும் கர்ஜித்த ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸ், வேடரின் குரலைப் பழைய பதிவுகளிலிருந்து கம்ப்யூட்டர் உருவாக்கிக்கொள்ள உயிரோடு இருக்கும்போதே சம்மதித்தார். 2024 செப்டம்பரில் அவர் மறைந்த பிறகும் வேடர் பேச முடியும். ஹாலிவுட் நடிகர்கள் 2023இல் 118 நாள் வேலைநிறுத்தம் செய்ததற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று செயற்கை நுண்ணறிவு. அமெரிக்காவின் டென்னஸி மாநிலம் 2024இல் ஒருவரின் குரலையே அவருடைய சொத்தாகப் பாதுகாக்கும் சட்டம் கொண்டுவந்தது. நம் நாட்டில் தில்லி உயர் நீதிமன்றம் 2023இல் அனில் கபூருக்கும், பம்பாய் உயர் நீதிமன்றம் 2024இல் பாடகர் அரிஜித் சிங்குக்கும் இடைக்காலப் பாதுகாப்பு அளித்தன.

இவர்கள் எல்லோருக்கும் பொதுவான ஒன்று உண்டு. அது இன்னாருடைய குரல் என்று நீதிபதிக்கு நிரூபித்துக் காட்ட வேண்டிய அவசியமே இல்லாதவர்கள் இவர்கள். பிரபலம்தான் இவர்களுடைய பத்திரம். எஸ்.பி.பி.யின் மகன் நோட்டீஸ் அனுப்ப முடிந்ததும் அதனால்தான். தமிழ் பேசும் பூனைக்கும், தெலுங்கு பேசும் எலிக்கும் பத்து வருடம் பேசிய ஒருவர் நாளை வேலைக்குக் கூப்பிடப்படாமல் போகலாம். அவர் பதிவு செய்து கொடுத்த நூற்றுக்கணக்கான எபிசோடுகளே ஓர் இயந்திரத்துக்குப் பாடமாகலாம். பூனை அதே குரலில் பேசிக்கொண்டிருக்கும். தன்னுடையது என்று அவர் எதைக் காட்டி உரிமை கோருவார்? திரையில் அவருடைய பெயரே இல்லையே.

மெல் பிளாங்க் கேட்டுப் பெற்ற அந்த ஒரு வரியின் பெறுமானம் இங்கேதான் தெரிகிறது. தொடர் முடிந்ததும் ஓடும் பெயர்ப் பட்டியலில் தமிழில் பேசியவர், தெலுங்கில் பேசியவர் என்று இரண்டு வரிகள் சேர்ப்பதற்கு எந்தத் தொலைக்காட்சியும் திவாலாகிவிடாது. ஒப்பந்தத்தில், பதிவு செய்த குரலை எதற்கெல்லாம் பயன்படுத்தலாம், எதற்குக் கூடாது என்று எழுதுவதற்குப் புதிய சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதும் இல்லை. டப்பிங் கலைஞர்களுக்குச் சங்கம் இருக்கிறது, தயாரிப்பாளர்களுக்கும் இருக்கிறது. உட்கார்ந்து பேச வேண்டியதுதான் பாக்கி. பேசுவது இவர்களுக்குத் தொழில்.

தடாவில் இருட்டும் நேரம். சூளூர்பேட்டை செல்லும் மின்சார ரயில் இரு மாநிலத்துப் பயணிகளையும் இறக்கிவிட்டுப் போகிறது. ஏதோ ஒரு வீட்டில் டோரேமான் முடிகிறது. பெயர்கள் ஓடத் தொடங்கியதும் படம் சுருங்கி மூலைக்குப் போக, பிஸ்கட் விளம்பரம் வந்துவிடுகிறது. பாட்டி தமிழில் சாப்பிடக் கூப்பிடுகிறாள். பேரன் பூனையின் குரலிலேயே, தெலுங்கில், இன்னும் அஞ்சு நிமிஷம் என்கிறான். அச்சு அசல் அதே குரல். யாரிடம் கற்றோம் என்பது மட்டும் அவனுக்குத் தெரியாது.